கண்டிக் கடைவீதியும் சிதம்பரத்துக் கல்லூரியும்



கண்டி மாநகருக்கு வரும் வெளியூரார் தலதா மாளிகையைக் காண்பர், வாவிக்கரையில் உலாவுவர், கடைவீதிப் பக்கம் திரும்பினால் மணிக்கூட்டுக் கோபுரத்தையும் காண்பர். அந்தக் கோபுரம் 1950ஆம் ஆண்டிலே நகருக்குக் கிடைத்தது. விபத்தொன்றில் இளவயதிலே மாண்ட தம் மகனுடைய நினைவாக ஹாஜி முகம்மது இஸ்மாயில் என்னும் வணிகர் அதனைக் கட்டுவித்தார். தாம் இருந்து வாழ்ந்த ஊருக்கு ஒரு தந்தை செய்த கொடை அது. பேருந்துக்கு ஓடுகிறவன் இன்றும் அதை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டே ஓடுகிறான்.

இந்தக் கோபுரத்தைக் காட்டி வகுப்பிலே நகர வரலாறு சொல்லிக்கொண்டிருந்தபோது, மாணவன் ஒருவன் எழுந்து ஒரு கேள்வி கேட்டான். முந்திய பாடத்தில் நாட்டுக்கோட்டைச் செட்டிமாரைப் பற்றிச் சொல்லியிருந்தேன். மலைநாட்டிலே கோப்பிக் காலந்தொட்டு அவர்கள் கையிலேதான் பணம் புரண்டது என்றும் சொல்லியிருந்தேன். "அப்படியானால் அவர்கள் கட்டிய கோபுரம் எங்கே?" என்று அவன் வினவினான். அன்று நான் கொடுத்த விடை எனக்கே நிறைவு தரவில்லை. இன்று வானொலி நேயர்கள் முன்னிலையிலே அந்த விடையைச் சற்று விரிவாகத் தேட முயல்கின்றேன்.

1815ஆம் ஆண்டிலே கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் வசமாயிற்று. அடுத்த இருபது முப்பது ஆண்டுகளிற் காடுகள் அழிந்து கோப்பித் தோட்டங்கள் எழுந்தன. 1867இல் கொழும்பிலிருந்து கண்டிக்குப் புகையிரதம் வந்தது. அதற்கு ஓராண்டு முன்னரே கண்டி மாநகர சபை அமைந்துவிட்டது. தோட்டத் துரைமாருக்கு முதல் கொடுக்க ஐரோப்பிய வங்கிகள் இருந்தன. அவற்றுள் தலைமையானது ஓரியண்டல் வங்கி. கோப்பிச் செடியை 1869இலே தொற்றிய இலைநோய் தோட்டங்களைப் படிப்படியாக அழிக்க, அந்த வங்கியும் 1884ஆம் ஆண்டு மே மாதத்திலே கதவை மூடிற்று. அதன் நோட்டுகளைக் கையில் வைத்திருந்த மக்கள் கலங்கினர். ஆளுநர் ஆதர் கோர்டன் அந்த நோட்டுகளுக்கு அரசாங்கம் பொறுப்பு என்று அறிவித்த பிறகே கலக்கம் தணிந்தது. இலண்டனில் இருந்த இயக்குநர் சபைக்குக் கண்டி ஒரு கணக்குத் தலைப்பு, அவ்வளவே.

துரைமாருக்குக் கடன் கொடுத்த வங்கிகள் சுதேசிகளுக்கு நேரே கொடுப்பதில்லை. அரிசிக் கடைக்காரர், சிறு தோட்டம் வைத்திருந்த சிங்களவர், ஆள் கட்டும் கங்காணிமார், வண்டிக்காரர் ஆகியோர் எங்கே போவர்? செட்டியாரிடமே போயினர். செட்டியார் தம் சொந்த முதலையும் கொடுத்தார். போதாதபோது வங்கியிலும் வாங்கிக் கொடுத்தார். வங்கியில் அதற்கென ஒரு சிறாப்பர் இருப்பார். எந்தச் செட்டியாரின் நாணயம் எவ்வளவு பெறும் என்று மதிப்பிட்டு அவர் பிணை சொல்வார். அச்சொல்லை நம்பி வங்கி செட்டியாருக்குக் கொடுக்கும். செட்டியார் அதனினும் கூடிய வட்டிக்குக் கடைவீதியிலே கொடுப்பார். வட்டி கடுமைதான், மறுப்பார் இல்லை. ஆயினும் அந்தக் கடுமையான வட்டிக்கேனும் கொடுக்க வேறொருவர் இருந்தாரா என்பதையும் கேட்க வேண்டும். கொழும்புச் செட்டியார் தெருவில் இருந்த பெருங்கடைகளிலிருந்து பிரிந்த கிளைகள் கண்டி, கம்பளை, நாவலப்பிட்டி என்று மலையேறிச் சென்றன.

இனிக் கவனிக்க வேண்டியது அந்தக் கடையின் அமைப்பு. கடையிலே இருப்பவர் முதலாளி அல்லர். முதலாளி காரைக்குடிப் பக்கத்திலே தம் வீட்டில் இருப்பார். கடையை நடத்துபவர் மேலாள். அவருக்குத் துணை அடுத்தாள். கணக்கும் பணிவிடையும் பழகும் சிறுவன் பெட்டியடிப் பையன். மேலாள் மூன்றாண்டுத் தவணைக்கு வருவார். மனைவி மக்களை அழைத்து வருவதில்லை. தவணை முடிந்ததும் ஐந்தொகை போட்டுக் கணக்கை ஒப்புவித்துவிட்டு ஊர் திரும்புவார். வேறொருவர் வந்து அதே பெட்டியடியில் அமர்வார். கணக்கு வழுவாதிருக்க இதனிலும் சிறந்த ஏற்பாடு வேறில்லை. ஆனால் இந்த ஏற்பாட்டுக்குள்ளே ஒரு மனிதன் எந்த ஊருக்கும் உரியவனாக ஆவது எங்ஙனம்? அவன் பிள்ளை கண்டிப் பள்ளியிலே படிக்கவில்லை. அவன் மனைவி கண்டிக் குழாயடியிலே தண்ணீர் பிடிக்கவில்லை. தெருவிளக்கு எரியாவிட்டால் அவனுக்கென்ன? மூன்றாண்டில் அவன் போய்விடுவான். கண்டி நகரபிதாக்களின் வரிசையிலே செட்டியார் ஒருவர் பெயரைக் காணாமைக்கு உலோபம் காரணம் அன்று. இந்த மூன்றாண்டுத் தவணையே காரணம் என்பது என் கருத்து.

உலோபிகள் என்று சொல்ல இயலாமைக்குச் சான்று அவர்களுடைய பேரேட்டிலேயே உண்டு. வரவிலே ஒரு பகுதியை மகமை என்று தனியே எழுதி வைப்பர். அது முதலாளிக்கும் உரியதன்று, மேலாளுக்கும் உரியதன்று, தருமத்துக்கு உரியது. கடல் கடந்த ஊர்களில் அவர்கள் எழுப்பிய முருகன் கோயில்களுக்கு அந்த மகமையே ஆதாரம். கொழும்பிலே பழைய கதிரேசன், புதிய கதிரேசன் என்று இரு கோயில்கள் எழுந்தமை நேயர்கள் அறிந்ததே. மிகுந்த தொகை எங்கே போயிற்று? அவர்கள் வேர் கொண்டிருந்த மண்ணுக்குப் போயிற்று. அங்கே கோயில்களைப் புதுப்பித்தது, குளம் வெட்டியது, வேத பாடசாலையும் அன்னசத்திரமும் கண்டது. பின்னர் ஒருவர் காலத்திலே அது வேறொரு வடிவம் கொண்டது. அவரைப் பற்றியதே இவ்வுரையின் நடுப்பகுதி.

செட்டிநாட்டுக் கானாடுகாத்தானிலே 1881ஆம் ஆண்டு செப்டெம்பர் 30ஆம் நாள் பிறந்தவர் அண்ணாமலைச் செட்டியார். முத்தையச் செட்டியாரின் இளைய மகன். குடும்பத் தொழில் கடல் கடந்த லேவாதேவி. நகரத்தார் முதலிற் பெரும்பகுதி பர்மாவில் இருந்தது; மலாயாவும் இலங்கையும் அதற்கு அடுத்த நிலையில் இருந்தன. 1906ஆம் ஆண்டிலே சென்னையில் ஆர்பத்நட் என்னும் ஆங்கிலேயர் வணிக நிறுவனம் திடீரென முறிந்து, சேமிப்பைப் போட்டு வைத்த பல்லாயிரவர் கைப்பொருளை இழந்தனர். நம்மவர் பணத்தை நம்மவரே காக்கும் வங்கி வேண்டும் என்று வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலியோர் முயன்றனர். அண்ணாமலைச் செட்டியாரின் தமையனார் இராமசாமிச் செட்டியாரும் அம்முயற்சியிலே முன்னின்றார். 1907 ஆகஸ்டு 15ஆம் நாள் இந்தியன் வங்கி தொழில் தொடங்கிற்று. அவ்வங்கி 1932இலே கொழும்பிற் கிளை திறந்தது. தனிக்கடையின் விலாசத்தை நம்பிய காலம் போய், பங்கு முதலும் சட்டமும் உடைய நிறுவனத்தை நம்பும் காலம் வந்துகொண்டிருந்தது. இதனை அந்தக் குடும்பம் பிறரினும் முன்னரே உணர்ந்திருந்தது என்று சொல்லலாம்.

சிதம்பரம் அக்காலத்திலே ஒரு சிற்றூர் என்று சொல்லத் தகும் நகரம். நான்கு தேர்வீதிகள், நடுவே நடராசர் கோயில், ஆனித் திருமஞ்சனத்துக்கும் ஆருத்திரா தரிசனத்துக்கும் வந்து போகும் கூட்டம். அவ்வூருக்கும் நமக்கும் உறவு பழையது. யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர் 1864ஆம் ஆண்டிலே அங்கே சைவப் பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். நாவலரிடம் பணம் இல்லை. வீடு வீடாகக் கேட்டும், பிரசங்கம் செய்தும், புத்தகம் அச்சிட்டு விற்றும் அவர் பள்ளி நடத்தினார். இலங்கைத் தமிழர் ஒருவர் தமிழகத்துச் சிறுநகர் ஒன்றுக்குச் செய்த தொண்டு அது. பின்னர்ச் சொல்லப்போவதற்கு முன்னுரையாக இதனை நேயர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

அந்த ஊரிலே 1920ஆம் ஆண்டில் அண்ணாமலைச் செட்டியார் மீனாட்சி கல்லூரியைத் தொடங்கினார். தொடர்ந்து தமிழ்க் கல்லூரி, வடமொழிக் கல்லூரி, இசைக் கல்லூரி என ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. தமிழ்க் கல்லூரிக்குத் தலைவராக வந்து 1924 முதல் 1927 வரை இருந்தவர் மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையர். அப்போது ஐயரவர்கள் எழுபதை எட்டிக்கொண்டிருந்தார்கள். ஏட்டுச் சுவடிகளுக்காக ஊரூராய் அலைந்த அந்த முதுபெரும் புலவரை ஒரு சிறுநகரக் கல்லூரிக்கு வரச் செய்ததே பெரிய செயல். காசு மட்டும் இருந்தால் அது நடந்துவிடாது.

இந்த இடத்தில்தான் செட்டியாரின் வங்கித்தொழில் அறிவு வெளிப்படுகின்றது. கல்லூரி நடத்த ஆண்டுதோறும் கைப்பொருள் கொடுத்துக்கொண்டிருந்தால், கொடுப்பவர் இருக்கும்வரையே கல்லூரி இருக்கும். கொடை வேறு, முதல் வேறு. முதலை அழியாமல் வைத்து வட்டியிலே செலவு செய்தால் கொடுத்தவர் மறைந்த பிறகும் அது நிற்கும். ஆகவே கல்லூரிகளையும் நிலத்தையும் கட்டடங்களையும் அவற்றோடு இருபது இலட்சம் ரூபாவையும் ஒரு பல்கலைக்கழகத்தின் பொருட்டு ஒப்படைக்க அவர் முன்வந்தார். சென்னை மாகாண அரசாங்கமும் தன் பங்குக்கு நிதி அளிப்பதாக இணங்கிற்று. இரு கையும் சேர்ந்தே ஓசை எழவேண்டும் என்பது அவர் கணிப்பு. 1928இலே சட்டசபை சட்டம் இயற்றியது. 1929 சனவரி முதல் நாள் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் நடைமுறைக்கு வந்தது. புகையிரதப் பாதைக்குக் கிழக்கே, சம்பந்தர் பாடிய திருவேட்களத்தை உள்ளடக்கிய நிலத்திலே, மாணவர் உடனுறைந்து கற்கும் பல்கலைக்கழகமாக அது வளர்ந்தது. அதே ஆண்டிலே அவருக்கு ராஜா என்னும் பரம்பரைப் பட்டமும் கிடைத்தது. ஆங்கில ஆட்சியின் பட்டங்களை அவர் வெறுத்தவர் அல்லர் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

ஒரு நகரத்துக்கு ஒரு பல்கலைக்கழகம் என்ன செய்யும் என்பதை நகரத்தவரைக் கேட்டால் தெரியும். ஆசிரியர் குடியேறுவர், மாணவர் விடுதி எழும், அச்சகம் வரும், புத்தகக் கடை வரும், இட்டலிக் கடைக்காரனும் நன்றாய் வாழ்வான். திருவிழா நாளில் மட்டும் நிரம்பிய வீதிகள் ஆண்டு முழுதும் நடமாட்டம் கண்டன. தேர்தலிலே நின்று நகரசபைத் தலைவராவது ஒரு வகைத் தலைமை. நகரம் நூறாண்டு பிழைக்க ஒரு தொழிலை அதன் நடுவே நட்டு வைப்பது இன்னொரு வகைத் தலைமை. இரண்டாவது வகைக்கு இவரைப் போலவே மற்றோர் எடுத்துக்காட்டு காரைக்குடி அழகப்பச் செட்டியார். 1947இலே அவர் காரைக்குடியிற் கல்லூரி கண்டார். அடுத்த ஆண்டிலே முந்நூறு ஏக்கர் நிலமும் பதினைந்து இலட்சம் ரூபாவும் கொடுத்து மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தைத் தம் ஊருக்கு வரச் செய்தார். நாற்பத்தெட்டு வயது நிறையுமுன்னே, 1957இலே அவர் காலமானார்.

அண்ணாமலைச் செட்டியாரின் ஏற்பாட்டிலே எனக்கு ஒரு குறையும் தோன்றுகின்றது. அதனைச் சொல்லாமல் விட்டால் இது வரலாறாகாது, வாழ்த்துப்பாவாகும். பல்கலைக்கழகத்தை நாட்டுக்குக் கொடுத்தவர், இணைவேந்தர் என்னும் பதவியைத் தம் பரம்பரைக்கு என்று வைத்துக்கொண்டார். கடன் கொடுக்கும்போது ஈடு பெறாமல் கொடுப்பதில்லை என்னும் தொழில் வழக்கம் கொடையிலும் புகுந்துவிட்டது போலும். நல்ல நிருவாகியான தலைமுறையிலே அது பலமாயிருந்தது. பணமுடை வந்த காலத்திலே அது தடையாயிற்று. பல்கலைக்கழகத்தின் நிதிநிலை சீர்குலைந்து, சம்பளம் கொடுப்பதற்கே இடர் வந்தபோது, தமிழ்நாட்டு அரசு 2013ஆம் ஆண்டிலே புதிய சட்டம் இயற்றி அதனைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. பரம்பரை இணைவேந்தர் பதவியும் அதனோடு முடிந்தது. நிறுவியவர் 1948 ஜூன் 15ஆம் நாளே மறைந்துவிட்டார். அதன் பின்னும் ஏறத்தாழ அறுபத்தைந்து ஆண்டுகள் அவர் எழுதிய பத்திரம் செல்லுபடியாயிருந்தது.

மீண்டும் கண்டிக்கு வருவோம். சிதம்பரத்திலே கல்லூரி எழுந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில் இங்கே கடைவீதியின் அடித்தளம் ஆடிக்கொண்டிருந்தது. 1925இலே ஒரு பெரிய செட்டியார் கடை முறிந்ததும் ஐரோப்பிய வங்கிகள் அஞ்சிச் செட்டிமாருக்குக் கொடுத்துவந்த கடனைச் சுருக்கின. நான்காண்டுகளில் உலகப் பொருளாதார மந்தம் வந்தது. தேயிலையும் இறப்பரும் தெங்கும் விலை விழ, கடன்பட்டவர் வட்டி கட்ட இயலாமற் போயினர். ஈடு வைத்த காணிகள் செட்டிமார் கைக்கு வந்தன. காணி இழந்தவன் கோபம் கொண்டது இயல்பே. காணி பெற்ற செட்டியாரும் மகிழவில்லை. அவருக்கு வேண்டியது புரளும் பணம், முடங்கும் மண் அன்று. 1934ஆம் ஆண்டிலே சொரப்ஜி போச்கானாவாலாவின் தலைமையில் அமைந்த வங்கி ஆணைக்குழு சுதேச வங்கி ஒன்றின் தேவையை எடுத்துரைத்தது. 1939 ஆகஸ்டிலே இலங்கை வங்கி கொழும்பில் தோன்றியது. கொழும்புக்கு வெளியே அது முதற்கிளை திறந்த ஊர் எது என்று நினைக்கிறீர்கள்? கண்டிதான், ஆண்டு 1941. செட்டியாரின் பெட்டியடிக்கு முன்னே காத்திருந்தவர்களின் மக்கள் அந்தக் கிளையின் வாசலிலே வரிசையில் நின்றனர். 1948இன் குடியுரிமைச் சட்டமும் நாணயமாற்றுக் கட்டுப்பாடும் வந்தபின், எஞ்சிய கடைகளும் ஒவ்வொன்றாக ஐந்தொகை போட்டு முடித்தன.

இவ்வாறாக, மூன்றாண்டுத் தவணை என்னும் முறை ஒரு நூற்றாண்டின் முடிவிலே தன் பலனைத் தந்தது. ஊரிலே வேர் ஊன்றாதவர்களைப் போகச் சொன்னபோது, "போகாதீர்கள்" என்று தடுக்க ஊரிலே எவரும் இல்லை. ஆனால் ஒன்று: அதே சட்டம் மூன்று தலைமுறையாக வேரூன்றியிருந்த தோட்டத் தொழிலாளரையும் நாடற்றவர் ஆக்கிற்று. அவர்களுக்கு முதலாளி வீடும் இல்லை, திரும்பிப் போய்க் கொடை செய்யக் கானாடுகாத்தானும் இல்லை. கங்காணி செட்டியாருக்குக் கட்டிய வட்டி எவருடைய கைநாட்சம்பளத்திலிருந்து கழிந்தது என்று எண்ணிப் பார்க்கின்றபோது, மலைநாட்டுப் பள்ளி ஒன்றின் அதிபராகிய எனக்கு மனம் கனக்கின்றது. தோட்டத்து லயத்துப் பிள்ளைகள் ஒற்றை ஆசிரியர் பள்ளியிலே மண்தரையில் இருந்து அரிச்சுவடி படித்த காலத்திலே, அவர்கள் பெற்றோரின் வியர்வையிலே ஒரு துளியேனும் கடல் கடந்து கல்லூரிச் சுவராயிற்று. அந்தச் சுவரை நான் பழிக்கவில்லை. துளி யாருடையது என்பதை மட்டும் சொல்லிவைக்கின்றேன்.

அந்தத் துளியில் ஒரு பங்கு திரும்பியும் வந்தது. வந்த வழி வங்கி வழி அன்று. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தன் முதல் தமிழ்ப் பேராசிரியராக 1931இலே அமர்த்தியவர் அக்காலத்து மட்டக்களப்பு மாவட்டத்தில் காரைதீவிலே பிறந்த விபுலாநந்த அடிகள். நாவலர் போன வழியிலே அடிகளும் சிதம்பரம் போனார். ஆனால் நாவலரைப் போல வீடு வீடாகக் கேட்க வேண்டியிருக்கவில்லை. இரண்டாண்டு அங்கே பணிபுரிந்துவிட்டு அவர் மீண்டார். 1942இலே இலங்கைப் பல்கலைக்கழகம் கொழும்பிலே தோன்ற, அடுத்த ஆண்டு அதன் முதல் தமிழ்ப் பேராசிரியராகவும் அவரே ஆனார். 1947இலே அடிகள் மறைந்தபின் அவ்விடத்துக்கு வந்தவர் அண்ணாமலையிலும் இலண்டனிலும் பயின்ற பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை. 1952இலே பல்கலைக்கழகம் மகாவலிக் கரையிலே, கண்டிக்கு நான்கு மைல் தொலைவிலுள்ள பேராதனைக்குப் பெயர்ந்தது. அங்கே விரிவுரையாளராக விளங்கியவர்களுள் தனிநாயக அடிகளும் ஒருவர். அவரும் அண்ணாமலையிலே தமிழில் முதுகலை கற்றவர்.

நான் பேராதனையிலே மாணவனாயிருந்த நாளில், எனக்குத் தமிழ் சொல்லித் தந்த ஆசிரியர்கள் கணபதிப்பிள்ளை அவர்களின் மாணவர்களிடம் படித்தவர்கள். நூலகத்திலே கம்பராமாயணம் வேண்டும் என்று கேட்டால் அண்ணாமலைப் பல்கலைக்கழகப் பதிப்பையே எடுத்துத் தருவார்கள். தடித்த தொகுதிகள், ஒன்றை எடுக்க இரண்டு கையும் வேண்டும். அவற்றைச் சுமந்துகொண்டு சாளரத்தருகே அமர்ந்தால், எதிரே ஹந்தானை மலைச்சரிவிலே கொழுந்து பறிப்பவர்கள் கூடையோடு ஏறுவது தெரியும். கேள்வி கேட்ட மாணவனை அடுத்த முறை அந்தச் சாளரத்தருகே அழைத்துச் செல்வதாக இருக்கின்றேன். அவனுடைய பாட்டி ஹந்தானையிலே கொழுந்து எடுத்தவர்.